முறுவலும் மருந்தும்

பல்லைக் குறிக்கத் தமிழில் எயிறு, முறுவல் எனப் பிற சொற்களும் உண்டு. முறுவல் என்பது பல்லையும் குறிக்கும், புன்னகையையும் குறிக்கும். பற்களைத் தாங்கும் தசைக்கு ஈறு என்று பெயர். இலக்கணத்தில் சொல்லின் இறுதியை ஈறு என்கிறோம். வாயிலோ பல் ஈற்றிலிருந்தே தொடங்குகிறது.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது நம் முன்னோர் வழக்கு. இங்கு வேல் என்பது முருகன் கையிலுள்ள வேல் அன்று, கருவேல மரம். இராஜஸ்தானுக்குப் பணிமாற்றம் பெற்று வந்த புதிதில், சாலையோரத்தில் கட்டுக்கட்டாக விற்கப்பட்ட குச்சிகளைக் கண்டு அவை யாவை என வினவினேன். “பபூல் தாத்துன்” என்றார் விற்ற மூதாட்டி. நீங்கள் நாள்தோறும் கேட்கும் அந்தப் பபூல்தான் பழமொழியில் வரும் வேல். முட்காடாய் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு மரம். அதனை இங்குள்ளோர் ‘விலாயதி பபூல்’ என்பர். சீமை, விலாயதி இரண்டும் அயல்நாட்டிலிருந்து வந்தது என்றே பொருள்படும். ஆல், வேல் இரண்டின் பட்டையிலும் துவர்ப்பு மிகுதி. துவர்ப்பு ஈற்றுத்தசையை இறுகச் செய்யும். குச்சியின் நுனியை மென்றால் நார் பிரிந்து தூரிகையாகும்.

ஈற்றில் குருதி கசிந்தால் பலர் அவ்விடத்தைத் துலக்காது விட்டுவிடுகின்றனர். அதனால் நோய் வளரும். பல்லின் அடியில் படியும் மெல்லிய படலமே ஈற்றைப் புண்ணாக்குகிறது. அதனை மென்மையான தூரிகையால் நாமே நீக்கலாம். இறுகிக் காரையாகிவிட்டால் பல் மருத்துவரே நீக்க இயலும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து வாய் கொப்பளித்தால் வீக்கம் தணியும். கிராம்பு வலியை மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது.

கறையைப் போக்கும் கைம்மருந்துகளில்தான் எச்சரிக்கை மிகவும் வேண்டும். கரித்தூளும் செங்கற்பொடியும் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைத் தேய்க்கும். எலுமிச்சையின் புளிப்பு அதனை அரிக்கும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. அதன் அடியிலுள்ள பகுதி இயல்பிலேயே மஞ்சள் நிறமுடையது. ஆகவே, வெளுக்க வேண்டித் தேய்க்கத் தேய்க்க மஞ்சளே மிகும்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, பாடத்தை உரக்கப் படிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். அவளுடைய முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. உடன் பயில்வோர் “பல் துலக்காதவள்” என்று நகைத்தனர். அவளோ எலுமிச்சையும் உப்பும் சேர்த்து ஒரு திங்கள் தேய்த்திருந்தாள். கறை போகவில்லை, குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசியது.

அவள் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர். அப்பகுதியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளூரைடு மிகுதி. குடிநீரில் அது ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. பற்கள் ஈற்றுக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைப் பல்லாண்டு பருகினால், பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். அக்கறை அழுக்கன்று, எந்தப் பொடியாலும் போகாது. இராஜஸ்தானின் நாகௌர் முதலிய மாவட்டங்களிலும் இதே துன்பம் உண்டு. பல்லின் நிறமுடைய பூச்சால் கறையை மறைக்கலாம் என்று பல் மருத்துவர் கூறினார். அவளுடைய பெற்றோர் அதற்கு இசைந்தனர்.

காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இச்செய்தியை வகுப்பில் கூறியபோது அம்மாணவி எழுந்து, “ஐயா, என் தம்பி ஊரில் பாட்டியிடம் இருக்கிறான். நான்கு வயது. வீட்டுக் கிணற்று நீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறார்கள்” என்றாள். காய்ச்சினால் புளூரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அன்று மாலையே அவள் பாட்டிக்குக் கடிதம் எழுதினாள். தமிழில் அவள் எழுதிய முதற்கடிதம் அது. ‘குழாயில் வரும் ஆற்றுநீரையே தம்பிக்குக் கொடுங்கள்’ என்ற வரியில் ‘ஆற்றுநீர்’ என்பதற்கு வல்லின றகரமா இடையின ரகரமா என்று மட்டும் என்னிடம் வந்து கேட்டுச் சென்றாள்.