புதன்கிழமைப் பாடம்

2024 ஐப்பசியில் நோயுற்ற எங்கள் மகளைப் பள்ளியினின்று நிறுத்தி, தில்லி இல்லத்திலேயே கற்பிக்கலானோம். கணக்கும் இலக்கணமுமாக வாரம் முழுவதையும் நிரப்பினேன். பின்தங்கிவிடுவாளோ என்னும் அச்சம் அவளுக்கன்று, எனக்கே. இரண்டு திங்களில் அவள் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள்.

அதைக் காணப் பொறாத என் மாமியார், புதன்கிழமைகளைத் தம்மிடம் விட்டுவிடுமாறு கூறினார். பேத்தியைப் பூங்காவின் இலவ மரத்தடிக்கு அழைத்துச் செல்வார். மாசியில் இலையற்ற கிளைகளெங்கும் செம்மலர்கள். ஒவ்வொன்றிலும் தடித்த இதழ் ஐந்து. உதிர்ந்தவற்றைப் பொறுக்கி வந்து குழந்தை வரைவாள். சித்திரையில் காய்கள் வெடித்துப் பஞ்சு பறந்தது. அதனைச் சேர்த்து, விதை நீக்கி, பொம்மைக்கொரு தலையணை தைத்தார்கள். தையல் கோணல்தான், ஆயினும் அது இன்று என் மேசைமேல் இருக்கிறது.

"அம்மா, இலவு காத்த கிளி காய்க்காகவா காத்திருந்தது? இங்கே கிளிகளெல்லாம் பூவையே தின்றனவே!" என்று ஒருநாள் வினவினாள். அப்பழமொழியை அவளைப் பன்முறை எழுதச் செய்தவள் நான். மரத்தை ஒருமுறையேனும் நிமிர்ந்து நோக்கியவளல்லள். விடையின்றி விழித்தேன்.

மறுவாரம் மாமியார் வியாழக்கிழமையையும் கேட்டார். கொடுத்துவிட்டேன்.