கறுப்புக் கோழியும் அம்மாவின் கரிக்கோடும்

‘கறுப்பாக ஒரு கோழி விற்கிறார்கள். கருங்கோழி என்று ஒருவர் சொல்கிறார், ஆஸ்ட்ரலார்ப் என்று இன்னொருவர் சொல்கிறார். வாங்கலாமா?’ என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். நான் பயிர் படித்தவன், கோழி மருத்துவன் அல்ல. ஆனாலும் என் வீட்டுக் கொல்லையில் மூன்று ஆண்டுகளாக இந்தக் கோழிகள் மேய்கின்றன. அந்த அனுபவத்தையே பதிலாக எழுதுகிறேன்.

முதலில் அடையாளம். கடக்நாத் எனப்படும் கருங்கோழி மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது. அதற்குக் கொண்டை, தோல், கறி எல்லாமே கருமையாக இருக்கும். ஆஸ்ட்ரலார்ப்புக்கு இறகும் காலும்தான் கறுப்பு. வெயிலில் இறகு பச்சையாக மினுங்கும். கொண்டை நல்ல சிவப்பு, தோல் வெள்ளை. இங்கிலாந்தின் கறுப்பு ஆர்பிங்டன் கோழியிலிருந்து ஆஸ்திரேலியாவில் முட்டைக்காகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் இது. 1922-23இல் அங்கே நடந்த போட்டியில் 6 கோழிகள் 365 நாளில் 1,857 முட்டையிட்டன. கோழிக்குச் சராசரி 309.5. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் குஞ்சு விற்கிறார்கள். நம் வீட்டில் அவ்வளவு வராது.

நான் குடியிருப்பது சென்னை நந்தனத்தில், ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில். நந்தனம் கோழி, நந்தனம் காடை, நந்தனம் வான்கோழி என்று நம் விவசாயிகள் சொல்கிறார்களே, அந்தப் பெயர்கள் எல்லாம் இங்கிருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தால் வந்தவை. பக்கத்துச் சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளிதான் பிறகு கோயம்புத்தூருக்குப் போய், நான் படித்த கல்லூரியாக வளர்ந்தது. இவ்வளவு பெருமை உள்ள இடத்தில் இன்று சேவல் கூவிக் கேட்பது அபூர்வம்.

அப்பா இறந்தபின் மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மாவை அழைத்து வந்தேன். ஊரில் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்தவர், இங்கே எட்டு மணிவரை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். “எழுந்து என்னப்பா பண்ணப்போறேன்?” என்பார். சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில் பாலக்காட்டு நண்பர் ஒருவர் ஆறு ஆஸ்ட்ரலார்ப் குஞ்சுகளைக் கொண்டுவந்தார். கேரளத்தில் இது வீட்டுக்கோழியாக நன்கு பழகிய இனம். மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமி என்ற கோழியும் ஆஸ்ட்ரலார்ப்பையும் வெள்ளை லெகார்னையும் சேர்த்து எடுத்ததுதான். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு பல்பு கட்டினோம். அன்று இரவு அம்மா நான்கு முறை எழுந்து பார்த்தார். மறுநாள் எனக்கு முன்பே எழுந்துவிட்டார்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்து விட்டேன். நான்காவது வாரம் குடிநீரில் மறுமுறை கொடுத்தேன். எட்டாவது வாரம் இறக்கையில் போட வேண்டிய ஊசி மட்டும் பாக்கி. அது அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் நடந்த வாரம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். அதற்கும் அடுத்த வாரம் மறந்தே போனேன்.

மூன்றாவது மாதம் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒரு நாட்டுக்கோழியைக் கொண்டுவந்தார். அதைத் தனியாக வைக்காமல் இவற்றோடு விட்டோம். ஐந்தாம் நாள் குஞ்சுகள் தலை கவிழ்ந்து நின்றன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. ஒன்று கழுத்து திருகிக் கிடந்தது. மூன்றும் ஒரே வாரத்தில் போயின. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தபோது அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். “ஆபீஸ் பயிரா இருந்தா மறந்திருப்பியா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் ‘பருவத்தே செய்யுங்கள்’ என்று பேசியவன் நான். பதில் வரவில்லை.

மிஞ்சிய மூன்றும் பெட்டைகள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன நாளில் ஊசி போட்டேன். ஆறாம் மாதம் முதல் முட்டை வந்தது. இளம்பழுப்பு நிறம். அம்மா அடுப்புக்கரியால் கொல்லைச் சுவரில் ஒரு கோடு போட்டார். அன்று முதல் முட்டைக்கு ஒரு கோடு. முதல் 12 மாதத்தில் மூன்று கோழிக்கும் சேர்த்து 540 கோடுகள். கோழிக்கு 180. நாட்டுக்கோழி 60 முதல் 80 முட்டையிடும் என்பதை நினைத்தால் இது நல்ல கணக்கு.

இந்த இனத்தின் சாது குணம் உண்மைதான். அம்மா உட்கார்ந்தால் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். தூக்கினால் பதறாது. உடல் கனமானதால் அதிகம் பறக்காது. ஒரு ஆள் இடுப்புயர வேலி போதும். ஆனால் அந்தச் சாதுத்தனமே நாய், பூனை, கீரிக்கு வசதி. ராத்திரிக் கூண்டுக்கு உறுதியான கம்பிவலை வேண்டும்.

கனத்த உடம்பும் கறுப்பு இறகும் கத்திரி வெயிலைத் தாங்காது. முருங்கை நிழலும், மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீரும், கூண்டின்மேல் ஈரச்சாக்கும் கட்டாயம். மேய்ச்சலை மட்டும் நம்பினால் முட்டை குறையும். கம்பு, குருணை, தவிடு, கொஞ்சம் பிண்ணாக்கு, கீரைக்கழிவு எல்லாம் கொடுக்கிறோம். முட்டை ஓட்டுக்குக் கிளிஞ்சல் தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கும். அடை உட்காரும் என்று நம்பாதீர்கள். குஞ்சு வேண்டுமானால் நாட்டுக்கோழியிடம் அடை வையுங்கள். சிறுவிடை, பெருவிடை வைத்திருப்பவர்கள் ஆஸ்ட்ரலார்ப் சேவலை அந்தக் கூட்டத்தில் விட வேண்டாம். நம் இனத்தின் தூய்மை போய்விடும்.

இப்போது மூன்றாம் ஆண்டு. சுவரில் கோடுகள் குறைந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று கோழிக்கும் சேர்த்து ஐந்தாறு முட்டைதான். தீவனச் செலவைப் போட்டால் நட்டம். பிழைப்புக்காக வளர்க்கும் விவசாயியிடம், இரண்டு ஆண்டு முடிந்ததும் கழித்துவிட்டுப் புதுக் குஞ்சு விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதுவே சரி. வீட்டிலும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

அம்மா முறத்தில் குருணையைப் புடைத்துக்கொண்டிருந்தார். “கோடு குறைஞ்சா கணக்கு தீர்ந்துச்சா? நானும் இப்ப முன்னே மாதிரி வேலை செய்யல” என்றார். அதற்குமேல் நான் கணக்குப் பேசவில்லை. மூன்று கோழிகளும் கொல்லையில்தான் இருக்கின்றன. அம்மாவும் விடியுமுன் எழுந்து கதவு திறக்கிறார்.

போன மாதம் நான்கு புதுக் குஞ்சுகள் வந்தன. பழைய கோழிகளோடு சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறோம். ஊசி போட வேண்டிய நாளை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். நீங்களும் குஞ்சு வாங்கும் அன்றே அந்த வட்டத்தைப் போட்டுவிடுங்கள். என் வீட்டில் அதை நான் போட்டேனா என்று தினமும் பார்க்க ஒருவர் இருக்கிறார்.