அரை டிகிரி



ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம்மில் பலர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை குதிரை சக்தி? என்ன ஸ்பீடு போகும்?" என்பதுதான். ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்த பிறகு என் கண் மட்டும் சக்கரத்தின் பக்கமே போகிறது. எஞ்சின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் ரோட்டைத் தொடுவது நான்கு டயர்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு இடம். அந்த இடம் ரோட்டில் சரியாகப் படியவில்லை என்றால் அத்தனை குதிரைகளும் வீண்!

கேம்பர், காஸ்டர், டோ. இந்த மூன்றையும் பரீட்சைக்கு எல்லோரும் உருப்போட்டிருப்போம். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். திருப்பிய ஸ்டீயரிங் தானே நேராக வரக் காரணம் இதுதான். மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது டோ. ஒரு டிகிரி திரும்பிய நிலையிலேயே ஒரு சக்கரம் நேராக இழுக்கப்பட்டால், கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேயும். டயர் என்ன, அழி ரப்பரா?

இன்-பிளான்ட் டிரெயினிங் போன ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். கேஜைத் தொடும் முன்பே டயர் காற்று, பால் ஜாயின்ட் ஆட்டம், புஷ் எல்லாம் பார்த்துவிடுவார். "ஏண்ணே, முதல்ல அளந்துட்டா என்ன?" என்று கேட்டேன். "தம்பி, நிக்கிற வண்டியோட கணக்கு வேற, ஓடுற வண்டியோட கணக்கு வேற" என்றார்.

அதன் முழு அர்த்தம் மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். காரைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. 1954-இல் வந்த கார். கதவுகள் பறவையின் இறக்கை போல மேலே திறக்கும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் செலுத்தும் எஞ்சின். அன்றைய உலகின் அதிவேகக் கார்களில் ஒன்று. ஆனால் பின்னால் இருந்தது ஸ்விங் ஆக்ஸில். அதாவது, சக்கரமும் அச்சும் ஒரே துண்டு போல. டிஃபரென்ஷியல் பக்கத்தில் மட்டும் கதவுக் கீல் மாதிரி மடங்கும். அச்சு எவ்வளவு ஆடுகிறதோ சக்கரமும் அவ்வளவு சாயும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கீலிலிருந்து சக்கரம் வரை 500 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் 50 மி.மீ. இறங்கினால் கேம்பர் 5.7 டிகிரி மாறிவிடும்! வளைவில் வேகமாக நுழைந்த டிரைவர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் எழும்புகிறது, பின்சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்குகிறது. பிடிப்பு போய், வண்டியின் வால் வெளியே வீசப்படுகிறது. நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

1957-இல் வந்த ரோட்ஸ்டரில் இதற்கு வைத்தியம் செய்தார்கள். வேகத்தைக் குறைக்கவில்லை, கீலின் இடத்தை மாற்றினார்கள். இரண்டு அச்சுக்கும் பொதுவாக ஒரே கீல், அதுவும் டிஃபரென்ஷியலுக்குக் கீழே. அச்சு ஆடும் நீளம் கூடியது; சாய்வு குறைந்தது. நம் கணக்கில் நீளத்தை 1000 மி.மீ. ஆக்கிப் பாருங்கள், 5.7 டிகிரி 2.9 ஆகிவிடும். நாம் தூங்கி வழியும் டிரிகனாமெட்ரி வகுப்பு இங்கே ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது!

இன்று கம்ப்யூட்டர் அலைன்மென்ட் வந்துவிட்டது. திரையில் பச்சை தெரிந்ததும் பில் போடலாம்தான். ஆனால் அந்தப் பச்சை, நிற்கிற வண்டிக்குத் தரப்படும் சான்றிதழ். புஷ் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறதா, ஓட்டத்தில் சக்கரம் என்ன செய்யும் என்று யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், "டிப்ளமாதானா தம்பி? டிகிரி இல்லையா?" என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள் நண்பர்களே. பந்தி முடிந்து அவர்கள் காரில் பத்திரமாக வீடு போய்ச் சேருவது, நம்மைப் போன்ற ஒருவன் கவனமாகத் திருத்தி வைத்த அரை டிகிரியை நம்பித்தான்!