முட்டிக்குப் புது மூட்டு

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்களுக்குத்தான் முட்டியின் அருமை தெரியும். 1974-இல் எனக்குப் பதினைந்து வயது. ஜொகூரில் ஒரு தோட்டத்தில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனேன். அடிவெட்டு மரமென்றால் குந்திக்கொண்டுதான் உளியை ஓட்ட வேண்டும். பிறகு காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, மேடும் பள்ளமுமாக ஸ்டோருக்கு நடை. முட்டிகள் அன்றே கணக்கு எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தேன். இப்போது பொங்கோலில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் இருந்த இடம். இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிகள். மின்தூக்கி வாசலுக்கே வருகிறது. ஆனால் மின்தூக்கி வரை நடக்க வேண்டுமே! கடைசியில் கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடித்தேன். பதினோரு வருடம் எண்ணெய் தேய்த்தேன், கடை மாத்திரை விழுங்கினேன். வயிறு புண்ணானதுதான் மிச்சம். நீங்களும் அப்படிச் செய்கிறீர்களென்றால் இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பலதுறை மருந்தகத்தில் எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், "எலும்புக்கு நடுவே இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுதும்மா" என்றார். தேய்ந்த முனைகளைச் சீவிவிட்டு, மேலும் கீழும் உலோகத் தகடு பொருத்தி, நடுவே கெட்டியான பிளாஸ்டிக் வைப்பார்களாம். நான் காண்டா தூக்கத் தொடங்கிய அதே 1974-இல்தான் நியூயார்க்கில் இன்சால் என்ற டாக்டர், இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான மூட்டை முதன்முதலில் பொருத்தினாராம்.

"சின்னக் கீறலாகப் போடுவார்களாமே, எனக்கும் அதுவே வேண்டும்" என்றேன். அக்கம்பக்கத்தில் கேட்ட பேச்சுதான்! வழக்கமான கீறல் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் வரும். சின்னக் கீறல் அதில் பாதிதான். தொடைத் தசையையும் அதிகம் வெட்டாமல் ஒதுக்கிவிட்டு வேலை செய்கிறார்கள். அதனால் முதல் சில வாரம் எழுந்து நடப்பது கொஞ்சம் சுலபமாகலாம். உள்ளே வைக்கும் மூட்டு ஒன்றேதான். வருடம் ஒன்று போனால் பெரிதாக வித்தியாசம் தெரியாது என்று டாக்டரே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கால் ரொம்ப வளைந்தவர்களுக்கும் உடம்பு மிகக் கனத்தவர்களுக்கும் அது ஒத்துவராதாம். என் வலது கால் தப்பியது.

2023-இல் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். மறுநாளே நாலுகால் சட்டத்தைப் பிடித்து நடக்கச் சொன்னபோது, "ஐயோ, ஈவு இரக்கம் இல்லையா!" என்று அழுதேன்.

உண்மையான வைத்தியம் அதற்குப் பிறகுதான். தினமும் முட்டியை மடக்கிப் பழக வேண்டும். வலிக்குப் பயந்து நீட்டியே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். மகள் பக்கத்தில் நின்று எண்ணுவாள், நான் திட்டுவேன், மறுபடி எண்ணுவாள். செங்கோணம் அளவுக்கு மடங்கியபோது இருவரும் சேர்ந்து அழுதோம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். புது முட்டியோடு குந்துவது கஷ்டம். வீட்டில் குந்தும் கழிவறை இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே உட்காரும் கழிவறையாக மாற்றுங்கள். பாயை விட்டுக் கட்டிலுக்கு வாருங்கள். கோயிலில் எல்லாரும் தரையில் சம்மணமிட, நான் மட்டும் நாற்காலியில் உட்கார முதலில் வெட்கமாக இருந்தது. முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை!

"எத்தனை காலம் தாங்கும்?" என்று கேட்பீர்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 25 வருடம் கழித்தும் நூற்றுக்கு 82 மூட்டுகள் நன்றாக இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க இப்போது நானே ரயிலேறிப் போகிறேன். அடுத்த மாதம் இடது முட்டிக்கு நாள் குறித்தாயிற்று. அந்தக் கால் அதிகம் வளைந்துவிட்டதால் சின்னக் கீறல் கிடையாதாம். சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். மகள் இப்போதே ஐஸ் பைகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள்.