கண் வந்தது, மூக்கு போனது

"தலையில் ஆபரேஷன்னு சொன்னாங்க, ஒரு தழும்பைக்கூடக் காணோமே சார்?" காலை நடையில் நண்பர்கள் கேட்பதுண்டு. தழும்பு வெளியே இல்லை, மூக்குக்குள் இருக்கிறது. அந்தக் கதையை இன்று எழுதிவிடுகிறேன்.

ரிட்டயர் ஆன மறு வருடம், ஸ்கூட்டரை நிறுத்தும்போதெல்லாம் பக்கத்து வண்டியில் இடித்தேன். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று கண் டாக்டரிடம் போனேன். "நேரே நல்லாத் தெரியுது சார், ரெண்டு ஓரமும்தான் தெரியல. எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க" என்றார். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. புற்றுநோய் அல்ல. ஆனால் மேல்நோக்கி வளர்ந்து, இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

மண்டையைத் திறக்கவில்லை. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, பின்னால் உள்ள காற்றறையைத் தாண்டி, மெல்லிய எலும்பை அகற்றி, கட்டியை எடுத்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டரும் நரம்பியல் அறுவை டாக்டரும் சேர்ந்து செய்தார்கள். மூக்கின் நடுச்சுவரிலிருந்தே ஒரு சவ்வை எடுத்து ஓட்டையை மூடினார்களாம்.

பார்வை திரும்பியது. வீட்டில் எல்லோரும் கும்பிட்டார்கள். மூக்கைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

மூக்கைச் சிந்தக்கூடாது, வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், குனியக்கூடாது, முக்கக்கூடாது. தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால் சளி என்று விட்டுவிடாமல் உடனே ஓடி வர வேண்டும்; அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். இவை டாக்டர் கட்டளைகள். இரண்டாவது வாரத்திலிருந்து உள்ளே பொருக்குப் பொருக்காகக் கட்டியது. இரவில் மூச்சடைப்பு, தூக்கமில்லை. டாக்டர் சொன்ன பிறகு, கொதிக்க வைத்து ஆறிய உப்பு நீரால் தினமும் மூக்கைக் கழுவினேன். குழாய்த் தண்ணீரை அப்படியே விடவே கூடாது என்பது அவர் கண்டிப்பு.

பொருக்கு குறைந்தது. மணம் மட்டும் வரவில்லை. சாம்பாரில் புளிப்பும் உப்பும் காரமும் இருந்தன, சாம்பார் இல்லை. காபி வெறும் கசப்புச் சுடுநீர்.

ஒரு மாலை என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே நுழைந்ததும் அலறினாள்: "என்னங்க, வீடு பூரா கேஸ்!" விளக்கு போடும் நேரம். என் கை சுவிட்சுக்கு அருகில் இருந்தது.

அதன்பின் அவள் தனியாக எங்கும் போவதில்லை. கோயிலுக்குக்கூட. அது எனக்கு மூச்சடைப்பைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அடுத்த பரிசோதனையில் 22 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். தும்மல், ஒழுகல், தூக்கம், மனச்சோர்வு எல்லாம் இருந்தன. மணத்துக்கும் சுவைக்கும் சேர்த்து ஒரே கேள்வி. அதற்கு 5 போட்டுவிட்டு, கேஸ் கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

"மணப் பயிற்சி செய்யுங்க. காலையும் மாலையும் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். ஒவ்வொண்ணையும் கொஞ்ச நேரம், மனசை வெச்சு முகரணும்."

நான்கு பாட்டில்களையும் மனைவியே தயார் செய்தாள். பல வாரங்கள் வெறும் காற்றைத்தான் முகர்ந்தேன். மூன்றாம் மாதம் ஒரு காலை கிராம்பு லேசாகக் குத்தியது. பிறகு எலுமிச்சை. காபி பாதிதான் வந்திருக்கிறது. மல்லிகை இன்னும் வரவில்லை. அவள் பூ வைத்துக்கொண்டு "வாசனை தெரியுதா?" என்பாள். தெரியவில்லை என்று உண்மையைத்தான் சொல்கிறேன்.

சமையலறையில் கேஸ் அலாரம் மாட்டிவிட்டோம். போன வெள்ளிக்கிழமை அவள் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தாள்.

இந்த ஆபரேஷனுக்குப் போகும் நண்பர்கள், கண்ணைப் பற்றிக் கேட்கும்போதே மூக்கைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.