மரப்பாச்சியின் மரம்

திருப்பதி போகும் தமிழர்கள் லட்டோடு வாங்கி வருவது மரப்பாச்சி. நவராத்திரிக் கொலுவில் அந்த ஜோடிக்குத் தனி மரியாதை. அதைச் செம்மரத்தில் செதுக்குவது இந்த வட்டாரத்தின் பழைய தொழில்.

ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகே, ஏர்ப்பேடு மண்டலத்தில் இருக்கிறது மரச் சிற்பிகளின் கிராமமான மாதவமாலா. 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி. சாமி சிலைகள், கோயில் வாகனங்கள், கதவுகள் என்று உளி ஓயாத ஊர். இங்கு உருவாகும் சிற்பங்கள் கைவினைக் கண்காட்சிகளுக்கும் போகின்றன.

சிக்கல், மரத்தில்தான். செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில். வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வெளிநாட்டுக் கிராக்கியால் கடத்தல் பெருகியது. 1995ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடு வந்தது, கடத்தல் நிற்கவில்லை. 2015 ஏப்ரலில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, தமிழகத்தைச் சேர்ந்த 20 பேரை சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது.

கடத்தல்காரனுக்கு டன் கணக்கில் கிடைக்கிற மரம், சாண் உயர பொம்மை செய்கிற சிற்பிக்கு எளிதில் கிடைப்பதில்லை. முறைப்படி வாங்கினால் விலை அதிகம். இல்லையென்றால் வேறு மரத்துக்கு மாற வேண்டும். அடுத்த கண்காட்சியில் பேரம் பேசுமுன், இது என்ன மரம் என்று கேளுங்கள். விலைக்கான காரணம் புரியும்.