மேலிருந்து ஒரு படம்

2009 ஏப்ரலில் இலங்கை அரசு ஒரு வான்வழிக் காணொளியை வெளியிட்டது. புதுமாத்தளனிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக நீரேரியைக் கடந்து வருகிறார்கள். மனிதாபிமான மீட்பு என்றார்கள். கேமரன் மலைத் தோட்டத்து வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அத்தை கேட்டார்: "காப்பாத்துறவன் ஏம்பா அவ்ளோ உசரத்துல நின்னு படம் புடிக்கிறான்?"

மக்கள் வந்தது உண்மை. தப்பியோடியவர்களைப் புலிகள் சுட்டதும் உண்மை. அவர்கள் மேல் விழுந்த ராணுவத்தின் ஷெல்களும், போய்ச் சேர்ந்த மெனிக் பாம் முள்வேலியும்தான் படத்தில் இல்லை. உள்ளே சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொல்லியிருந்தது. முகாம்களில் அடைபட்டவர்களோ 2,80,000 பேர். அந்தக் குறைத்த கணக்குக்குத்தான் உணவும் மருந்தும் போயின.

கீழே நின்றவர்கள் எடுத்த காட்சிகள் 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தில் இருக்கின்றன. 2013இல் கோலாலம்பூரில் தணிக்கை அனுமதியின்றி அதைத் திரையிட்ட வழக்கில் லீனா ஹென்ட்ரிக்கு 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம். மேலிருந்து எடுத்ததைச் செய்தியில் சும்மாவே காட்டினார்கள்.